நீள மேசைக்கு ஒரு வட்ட விரிப்பு

மாலை ஐந்தரைக்கு டெல்மீரா குரோஷா ஊசியில் முதல் வளையத்தைப் போட்டாள்.

எதிரில் ஒடீலா, பினியோன் என்னும் பைன் கொட்டைகளின் நுனியைக் கத்தியால் கீறிக்கொண்டிருந்தாள். கீறாமல் வேகவைத்தால் வெடிக்கும். விறகடுப்பில் தண்ணீர் சூடாகிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து அண்ணியின் விரல்களைப் பார்த்தாள். கத்தி நின்றது.

நீள மேசைக்கு விரிப்பு பின்னுகிறவர்கள் சங்கிலியில் தொடங்குவார்கள். இரண்டு சாண் நீளத்துக்குச் சங்கிலி போட்டு, அதைச் சுற்றிச் சுற்றிப் போனால் நீள்வட்டம் வரும். வளையத்தில் தொடங்கினால் வட்டம்தான். முதல் வரிசையிலேயே அது முடிவாகிவிடும். பிறகு மாற்ற வழியில்லை.

அந்த வீட்டு மேசை நீளமானது.

“வட்டமா?” என்றாள் ஒடீலா.

“வட்டம்தான்.”

“வட்டம் சீக்கிரம் முடிஞ்சிடும்.”

“முடிஞ்சிடும்.”

ஒடீலா எழுந்தாள். கொட்டைகளைத் தண்ணீரில் போட்டு மூடினாள்.

மேசையைச் செய்தவன் அவளுடைய அண்ணன் ஜெர்வாசியோ. மலைப் பைன் பலகை. எட்டுப் பேர் உட்காரலாம். நடுவில் ஒரு கருப்புத் தழும்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சோளமாவுக் களி, பொலெந்தா, கிண்டிய பானையை அடுப்பிலிருந்து எடுத்து நேராக மேசையில் வைத்துவிட்டான். டெல்மீரா அன்று முழுக்க அவனை ஏசினாள். மறுநாள் தழும்பை மறைக்க ஒரு விரிப்பைத் தொடங்கினாள். நீள்வட்டம். ஓரத்தில் மஞ்சளும் சிவப்புமாகத் திராட்சை இலைகள். இலையுதிர்காலத்துக்கென்று பின்னியது, வருஷம் முழுக்க மேசையிலேயே கிடந்தது.

ஜெர்வாசியோ இறந்தபோது அந்த விரிப்பை டெல்மீரா நாலாக மடித்துச் சவப்பெட்டியில் அவன் கைகளுக்கு அடியில் வைத்தாள். அதற்குப் பிறகு இரண்டு அறுவடை போய்விட்டது. மேசை வெறுமையாக இருந்தது. தலைப்பக்கம் அவன் நாற்காலி அப்படியே இருந்தது. பெண்கள் இருவரும் மறுமுனையில் சாப்பிட்டார்கள். அடுப்போரம் ஒடீலாவின் இடம். அண்ணி இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பிருந்தே அது அவள் இடம். பானையை இறக்க அவள்தான் எழுந்திருப்பாள். குளிர்காலத்தில் முதுகு சூடாக இருக்கும்.

சாந்தா வெரேனா லின்யா என்ற அந்த மலைக் குடியிருப்பில் வட்ட மேசை ஒருவரிடம்தான் இருந்தது. சிற்றாலயத்தைத் தாண்டி, இறக்கத்தில், தேன் பெட்டிகள் வைத்திருக்கும் வால்மோரிடம். உடைந்துபோன பெரிய ஒயின் பீப்பாயின் அடிப்பலகையை எடுத்து அவருடைய அப்பா அதைச் செய்தார். அறுவடைக்கு ஆள் போகிறவர்கள் எல்லோரும் அதில் சாப்பிட்டிருக்கிறார்கள். மரத்தில் இன்னும் ஒயின் வாசனை அடிக்கும்.

வால்மோரின் மனைவி இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

சிட்டத்திலிருந்து நூலை உருண்டையாகச் சுற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இரண்டு கையையும் நீட்டிச் சிட்டத்தை மாட்டிக்கொள்வார். மற்றவர் சுற்றுவார். டெல்மீரா சுற்ற, ஒடீலா கை நீட்டுவாள். ஒடீலாவின் இருபத்தைந்து வயதிலிருந்து அப்படித்தான். அறுவடை விருந்தன்று மாலை, சிற்றாலயக் கூடத்தில் ஆண்கள் சீட்டாடிக்கொண்டிருந்தபோது, டெல்மீரா பையிலிருந்து ஒரு சிட்டத்தை எடுத்தாள். ஒடீலா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வால்மோர் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து கையை நீட்டினார். கூடத்தில் எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு பூசையில் பாதிரியார்கூட டெல்மீராவைப் பார்த்துச் சிரித்தார். இந்த ஊரில் ஒருத்திக்கு ஒருவன் சிட்டம் பிடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

இப்போது வட்டம்.

ஒடீலா அடுப்புக்கு விறகு தள்ளினாள். ஒரு ஆளுக்குப் பொலெந்தா கிண்ட முடியாது என்று நினைத்தாள். மாவு அவ்வளவு குறைவாக இருந்தால் பானையின் அடியிலேயே பிடித்துக்கொள்ளும்.

*

நூல்களுக்கு வீட்டிலேயே சாயம் ஏற்றினார்கள். வெங்காயச் சருகில் மஞ்சள். தேநீர் மாதிரி குடிக்கிற மாத்தே இலையில் பழுப்புப் பச்சை. திராட்சைச் சக்கையில் ஒரு கருஞ்சிவப்பு. அது வெயிலில் வெளுக்கும் என்று இருவருக்கும் தெரியும். படிகாரம் கூடக் கொஞ்சம் போட்டார்கள்.

சிட்டங்கள் காய்ந்த அன்று டெல்மீரா மஞ்சளை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். ஒடீலா உடனே கையை நீட்டவில்லை.

“என்னடி, கை வலிக்குதா?”

“இல்ல. பிடிக்கிறதுக்கு வேற ஆள் வெச்சிருக்கீங்களோன்னு பார்த்தேன்.”

டெல்மீரா சிட்டத்தை அவள் மணிக்கட்டுகளில் மாட்டினாள். “நேராப் பிடி. அவரு பிடிச்சதுல பாதி சிக்கு.”

ஒடீலா நேராகப் பிடித்தாள்.

நடுப்பகுதியை டெல்மீரா பின்னினாள். இலைகளை ஒடீலாவிடம் விட்டாள்.

“இலை நீ போடு. உன் கை இறுக்கம். நிமிர்ந்து நிக்கும்.”

“என் கை இறுக்கம்னு இப்பத்தான் தெரிஞ்சுதா?”

“நீ சர்க்கரை போடுற காப்பியக் குடிச்ச அன்னிக்கே தெரியும்.”

ஒடீலா இலைகளைப் பின்னினாள். ஐந்து விரல் மாதிரி ஐந்து முனை. நடு நரம்புக்குக் கருஞ்சிவப்பு. வெளியே உண்மையான இலைகளும் அதே நிறத்துக்கு வந்துகொண்டிருந்தன. காலையில் பனிமூட்டம் தோட்டத்திலிருந்து மேலே ஏறும். பத்து மணிக்குத்தான் கொடிகள் தெரியும். ஒவ்வொரு இலையையும் முடித்ததும் நூலை வெட்டி, வாலை உள்ளே கோத்து மறைத்தாள். சரியாக வராதவற்றைப் பிரித்தாள். மறுபடி போட்டாள். வேலையைக் கெடுக்க வேண்டும் என்று ஒருநாள்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அண்ணி எங்கே போனாலும், அங்கே வருகிறவர்கள் இலை யார் போட்டது என்று கேட்பார்கள்.

வட்டம் வளர்ந்தது. தழும்பை மூடியது. அதைத் தாண்டியது. ஒரு மாலை டெல்மீரா அதை மேசையில் விரித்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் மேசையின் விளிம்பைத் தொட்டது. இலைகளைக் கோத்தால் தொங்கும்.

“கொஞ்சம் பெருசு,” என்றாள் டெல்மீரா.

“இதுக்குப் பெருசுதான்,” என்றாள் ஒடீலா.

டெல்மீரா அவளைப் பார்த்தாள். ஏதோ சொல்லப் போகிறவள் மாதிரி இருந்தது. பிறகு மாத்தே குடுக்கையில் வெந்நீர் ஊற்றி அவளிடம் நீட்டினாள். ஒடீலா குழலில் உறிஞ்சினாள். கடைசி உறிஞ்சல் சத்தமாக வந்தது. குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தாள்.

“ஈஸ்டர் அன்னிக்கு வால்மோர் சாப்பிட வராரு,” என்றாள் டெல்மீரா.

“வரட்டும்.”

“கோழி ஒண்ணு அடிக்கணும்.”

“ரெண்டு அடிப்போம். தேன்காரரு நல்லா சாப்பிடுவாரு.”



*

புனித வாரத்தில் டெல்மீரா பல் வைத்தியரிடம் காட்ட காலைப் பேருந்தில் நகரத்துக்குப் போனாள். ஒடீலா கடைசி இலையைக் கோத்து முடித்தாள். விரிப்பு தயார். கஞ்சி போட்டு, ஊசி குத்தி, காயவைப்பதுதான் பாக்கி. அண்ணி வருவதற்குள் அதையும் முடித்துவிடலாம் என்று நினைத்தாள். கண்முன்னால் கிடக்க வேண்டாம். மடித்து வைத்துவிட்டால் பார்க்காமல் இருக்கலாம்.

மரவள்ளி மாவு டப்பாவைத் திறந்தாள். காலி. ஈஸ்டருக்கென்று வளைய பிஸ்கட் சுட்டு மாவை எல்லாம் தீர்த்தவள் அவள்தான்.

அவளுடைய அம்மா சர்க்கரைப் பாகில் விறைப்பாக்குவாள். சர்க்கரையும் தண்ணீரும் சமமாகப் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, விரிப்பை முக்கிப் பிழிந்தால் போதும். காய்ந்தால் பலகை மாதிரி நிற்கும். ஒடீலா பாகு காய்ச்சினாள். கை நிறைய சர்க்கரை போட்டாள். பன்றிக் கொட்டகையின் பழைய கதவைக் கழுவித் துடைத்து, அதன்மேல் ஒரு துணி விரித்து, விரிப்பை இழுத்து இழுத்து ஊசி குத்தினாள். ஒவ்வொரு இலைக்கும் ஐந்து ஊசி. கதவை இழுத்துக்கொண்டு போய் வெளியே வெயிலில், மதில்மேல் சாய்த்து வைத்தாள்.

பாகு போட்ட துணியை அறுவடைக்குப் பிறகு யாரும் வெளியில் காயவைக்க மாட்டார்கள். பழம் முடிந்திருக்கும். சக்கையை மண்ணில் புதைத்திருப்பார்கள். பூ எதுவும் இருக்காது. தேனீக்களுக்குப் பசி. இது அங்கே குழந்தைக்கும் தெரியும். ஒடீலாவுக்கும் தெரியும்.

அவள் உள்ளே போய்க் கோழிக்குத் தண்ணீர் வைத்தாள். தரையைப் பெருக்கினாள். ஜெர்வாசியோவின் நாற்காலியை நகர்த்திப் பெருக்கிவிட்டு அதே இடத்தில் வைத்தாள். அப்போது அந்தச் சத்தம் கேட்டது. தூரத்தில் லாரி மேடேறுவது மாதிரி. லாரி வந்து சேரவில்லை.

வெளியே வந்தாள். விரிப்பு தெரியவில்லை. மதில்மேல் ஒரு பழுப்புத் தட்டு அசைந்துகொண்டிருந்தது. இலைகளின் வடிவம் மட்டும் இருந்தது. ஒவ்வொரு இலைமீதும் தேனீ.

அவள் துடைப்பத்தைத் தூக்கினாள்.

“வேணாம், வேணாம். விசிறாதீங்க.”

வால்மோர் தோட்டத்தின் நடுவே ஏறி வந்துகொண்டிருந்தார். தொப்பி கையில் இருந்தது. மூச்சு வாங்கியது.

“துடைப்பத்தைக் கீழ போடுங்க தங்கச்சி. மெதுவா.”

“தங்கச்சியா? எப்பத்திலேர்ந்து?”

“பேர் சொல்லிக் கூப்பிட்டா துடைப்பம் என் மேல விழும்.”

அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். ஒரு தேனீ அவள் மணிக்கட்டில் கொட்டியது. அவர் அருகில் வந்து, கேட்காமல் கையைப் பிடித்து, கொடுக்கை நகத்தால் பக்கவாட்டில் வழித்தார். கிள்ளி எடுக்கவில்லை.

“பெட்டியிலேர்ந்து எல்லாம் ஒரே பக்கமாப் பறந்துச்சு. யாரு வீட்ல ஜாம் காய்ச்சுறாங்கன்னு பின்னாடியே வந்தேன்.” விரிப்பைப் பார்த்தார். “சர்க்கரையா?”

“சர்க்கரைதான்.”

“வெளியவா?”

“வெளியதான். பார்த்தா தெரியலையா?”

அவர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க முயல்வது தெரிந்தது.

“கீழ நிலவறை இருட்டா இருக்குமா?”

“ஒரு ஜன்னல் இருக்கு.”

“அது போதும். ஆளுக்கு ஒரு பக்கம் பிடிப்போம். ஆட்டாம நடக்கணும். உள்ள வெச்சிட்டு ஜன்னலத் திறந்தா எல்லாம் வெளிச்சத்தப் பார்த்துப் போயிடும்.”

கதவை இருவரும் தூக்கினார்கள். அவர் பின்னால் நடந்தார். அவள் முன்னால், முகத்தை அவர் பக்கம் வைத்துக்கொண்டு, பின்புறமாக நடந்தாள். நடுவில் தேனீக்கள். சத்தம் அவள் கைகள் வழியாக ஏறியது. வீட்டுக்குக் கீழே கல் நிலவறை. பீப்பாய்கள் போய்வர வேண்டும் என்பதால் அதன் வாசல் அகலம், உயரம். கதவு இடிக்காமல் உள்ளே போனது.

பீப்பாய்களின்மேல் அதைக் கிடத்தினார்கள். வால்மோர் ஜன்னலைத் திறந்துவிட்டு வாசலை மூடினார். இருட்டில் ஒரு சதுர வெளிச்சம் மட்டும் இருந்தது. முதல் தேனீ கிளம்பியது. பிறகு இன்னொன்று.

“நாமளும் கொஞ்சம் உக்காருவோம். இப்ப வாசலத் திறந்தா அந்தப் பக்கம் வரும்.”

பழக்கூடைகளைக் கவிழ்த்து உட்கார்ந்தார்கள். ஒடீலாவின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. அவள் அதைத் தேய்க்காமல் இருந்தாள்.

தேனீக்கள் குறைந்த இடத்தில் ஒரு இலை தெரிந்தது. வால்மோர் குனிந்து பார்த்தார்.

“இலை யாரு போட்டது?”

“நான்.”

“நல்லா நிமிர்ந்து நிக்குது.”

“உங்க மேசைக்குச் சரியா இருக்குமா?” அவள் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

“விரிப்பு சரியா இருக்கும். அளந்துதான் போட்டா. மேசைதான் சரியா வரல.” அவர் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு நூலை எடுத்தார். வெங்காயச் சருகு மஞ்சள். அவள் சிட்டம் பிடித்த நூல். அதில் இரண்டு முடிச்சு இருந்தது. “இந்த முடிச்சு உங்க வீட்டு வாசல் உயரம், அவ அளந்து குடுத்தா. இந்த முடிச்சு என் மேசை. மேசைய நிமித்தி உருட்டிக்கிட்டு வந்தாக்கூட வாசலைவிட ஒரு முழம் அதிகம். நானும் ரெண்டு மாசமா யோசிக்கிறேன், எப்படி உள்ள கொண்டு போறதுன்னு.”

ஒடீலா நூலைப் பார்த்தாள். இரண்டு முடிச்சுக்கும் நடுவில் அவர் விரல் இருந்தது.

“எங்க உள்ள?”

“உங்க வீட்டுக்குள்ள.”

தேனீக்கள் ஜன்னலில் மோதித் திரும்பி, வழி கண்டுபிடித்துப் போய்க்கொண்டிருந்தன.

“நீங்க இங்க வர்றீங்களா?”

“அவ சொல்லலியா?”

“இல்ல.”

வால்மோர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஈஸ்டர் அன்னிக்கு நான் வந்து உங்ககிட்ட முறையாக் கேக்கணும்னு சொன்னா. சாப்பிட்டதுக்கு அப்புறம். வீட்ல பாதி உங்களோடதுன்னு சொன்னா. அதுக்குள்ள இந்தப் பூச்சிங்க என்னை இழுத்துட்டு வந்துடுச்சு.”

“வீட்டோட மாப்பிள்ளையா? இந்த வயசுலயா?”

“ஆமா தங்கச்சி. சீர் ஒண்ணும் வேணாம்.”

ஒடீலா சிரித்துவிட்டாள். உடனே நிறுத்தினாள்.

“உங்க வீட்டுக்கு என்ன?”

“பையன் இருக்கான், மருமக இருக்கா, மூணாவது வரப் போகுது. மேசை கொட்டகையிலதான் கிடக்கு. எங்க அப்பா அங்கயே செஞ்சது, வீட்டுக்குள்ள போனதே இல்ல. டெல்மீராகிட்ட நீ வான்னு கேட்டேன். உங்களைவிட்டு வரமாட்டேன்னுட்டா.”

“என்னை விட்டா?”

“உங்கள விட்டு. அவ சொன்ன மாதிரியே சொல்லவா? ‘என் நாத்தனார் ஒண்டியாப் பொலெந்தா கிண்டினா பானைய அடி பிடிக்க விட்டுடுவா.’”

அவள் எழுந்து போய் விரிப்பின் அருகில் நின்றாள். பாதி இலைகள் வெளியே வந்திருந்தன. பாகு மினுங்கியது.

“வர்றதுன்னா கையை வீசிக்கிட்டு வாங்களேன்,” என்றாள். “இங்கயும் மேசை இருக்கே. எங்க அண்ணன் செஞ்சது.”

“பார்த்திருக்கேன். நல்ல மேசை.”

“அப்புறம் என்ன?”

“தலைப்பக்கம் அவரு நாற்காலி இருக்கு. அதுல நான் உக்காரமாட்டேன். உக்காருன்னு அவ சொல்லவும்மாட்டா. பக்கத்துல உக்காந்தா தினமும் காலி நாற்காலியப் பார்த்துக்கிட்டே மூணு பேரும் சாப்பிடணும். ஜெர்வாசியோவோட நான் சீட்டாடியிருக்கேன். ஏமாத்துவான். ஆனா நல்ல மனுஷன்.” தொப்பியை முழங்காலில் வைத்தார். “வட்டத்துல தலைப்பக்கம் கிடையாதுல்ல.”

ஒடீலா விரிப்பின்மேல் குனிந்தாள். கடைசியாக இருந்த தேனீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு நரம்போரம் நடந்து, நுனிக்குப் போய், நின்றது.

“வாசலை என்ன செய்யணும்?” என்றாள்.

“மேல்கட்டைய எடுத்துட்டு ரெண்டு பலகை கழட்டணும். மேசை போனதும் மாட்டிடலாம். ஒரு நாள் வேலை.”

“அப்ப எங்க அண்ணன் மேசை அதே வழியா வெளிய போகணும்.”

“அது உங்க இஷ்டம்,” என்றார் வால்மோர். “இல்லன்னா நான் இந்தக் கூடைய எங்க எடுத்தனோ அங்கயே வெச்சிட்டுப் போயிடுவேன். ஈஸ்டருக்குக் கோழி மட்டும் சாப்பிட்டுட்டுப் போவேன்.”

*

நாலு மணிப் பேருந்தில் டெல்மீரா வந்தாள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. பையிலிருந்து மரவள்ளி மாவுப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

“டப்பா காலின்னு காலையிலயே பார்த்தேன். உன் பிஸ்கட்டு வேலை,” என்றாள். மருந்தில் நாக்குத் தடித்திருந்தது. பிறகு ஒடீலாவின் மணிக்கட்டைப் பார்த்தாள். “என்ன இது?”

“உங்க ஆள் வர்றதுக்கு முன்னாடி அவரு தேனீங்க விருந்துக்கு வந்துடுச்சு.”

அவள் நடந்ததைச் சொன்னாள். பாகு, மதில், கதவு, நிலவறை. டெல்மீரா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வலித்தது. வலியோடு சிரித்தாள்.

“மதில்மேலயா? சர்க்கரையவா? உனக்கு என்னடி ஆச்சு?”

“நினைப்பு வேற எங்கயோ இருந்துச்சு.”

“எங்க?”

ஒடீலா அடுப்பைத் திறந்து விறகு தள்ளினாள். அதை மூடினாள்.

“வளையத்துல தொடங்கினீங்களே,” என்றாள். “அங்க.”

டெல்மீரா சிரிப்பை நிறுத்தினாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“நான் போறேன்னு நினைச்சியா?”

“வேற என்ன நினைக்கிறது?”

“கேக்க வேண்டியதுதானே.”

“நீங்க சொல்ல வேண்டியதுதானே.”

“நீ கேப்பேன்னு பார்த்தேன். நீ கேக்கல. இலை மேல இலையா போட்டுக்கிட்டே இருந்த. மூஞ்சியப் பார்த்தா, இவ நம்மள வழியனுப்பவே தயாராயிட்டா போலன்னு இருந்துச்சு.” அவள் கன்னத்தை அழுத்தினாள். “பயமா இருந்துச்சு. உன் அண்ணன் மேசைய எடுக்கணும்னு உன்கிட்ட எப்படிக் கேக்கிறது? அதுக்குத்தான் அவரையே வந்து கேக்கச் சொன்னேன்.”

“கோழி போட்டு மயக்கலாம்னு.”

“ரெண்டு கோழின்னு நீதானே சொன்ன.”

விரிப்பைப் பச்சைத் தண்ணீரில் அலசினார்கள். சர்க்கரை கரைந்தது. விறைத்து நின்ற இலைகள் ஒவ்வொன்றாகத் தொய்ந்தன. தண்ணீர் லேசாகச் சிவந்தது. சக்கைச் சாயம் கொஞ்சம் கழன்று மஞ்சளில் ஏறியிருந்தது. சில இலைகளின் ஓரம் இப்போது துருப்பிடித்த நிறத்தில் இருந்தது.

“கறை ஆயிடுச்சு,” என்றாள் ஒடீலா.

டெல்மீரா ஒன்றை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். “வெளிய இருக்கிறதும் இப்படித்தான் இருக்கு. விடு.”

ஒடீலா மாவைக் கரைத்துக் கஞ்சி காய்ச்சினாள். கட்டி தட்டாமல் கிண்டினாள். டெல்மீரா நிலவறையிலிருந்து கதவைக் கொண்டுவர முடியாது என்பதால், மேசையின்மேலேயே கம்பளி விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி போட்டாள். நடு வளையத்தைத் தழும்பு இருக்கும் இடத்தில் வைத்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று ஊசி குத்த ஆரம்பித்தார்கள். டெல்மீரா இழுக்க, ஒடீலா குத்தினாள். மேசை குறுகலாக இருந்ததால் பக்கவாட்டு இலைகளைக் குத்த இடமில்லை. அவை தொங்கின.

“தோட்டத்துல வெச்சிக்கலாம்,” என்றாள் டெல்மீரா, ஊசிகளைப் பல்லில் வைத்துக்கொள்ளாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு. “நிலவறை வாசல்ல. அறுவடைக்குப் பழம் தரம் பிரிக்க அவ்வளவு நீளம் வேணும். எட்டுப் பேர் நிக்கலாம்.”

“மழை படும்.”

“கூரை போடச் சொல்லலாம். சும்மாவா வராரு?”

“நாற்காலி?”

டெல்மீரா குனிந்தாள். ஒரு இலையின் நுனியை இழுத்துப் பிடித்தாள். ஒடீலா குத்தினாள்.

“என் ரூம்ல இருக்கட்டும். துணி போட்டுக்கிறேன்.”

“உங்க ரூம்லயா? அவரு என்ன சொல்வாரு?”

“அவரு துணியையும் அதுமேலதான் போடுவாரு.”

ஒடீலா மூக்கால் சிரித்தாள். அடுத்த இலைக்கு நகர்ந்தாள். கம்பளிக்கு அடியில் பலகை இருந்தது. ஊசி ஆழமாகப் போனால் அதைத் தொட்டது. அந்தப் பலகைகளை ஜெர்வாசியோ இழைத்தபோது அவள்தான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். மூக்கெல்லாம் பைன் தூள். அதை அவள் அண்ணியிடம் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. ஊசியைக் கொஞ்சம் மேலாகக் குத்தினாள்.

வெளியே வெளிச்சம் குறைந்தது. டெல்மீரா விளக்கைப் போட்டாள். அடுப்பிலிருந்து சூடு ஒரு பக்கமாக வந்தது. கஞ்சி அந்தப் பக்கம் முதலில் காய ஆரம்பித்தது. அங்கே இருந்த இலைகள் மெல்ல மெல்ல நிமிர்ந்தன.

ஒடீலா அந்தப் பக்கத்தில்தான் நின்றாள். முதுகு சூடாக இருந்தது. வாசலைத் திரும்பிப் பார்த்தாள். மேல்கட்டையைப் பார்த்தாள். நாலு ஆணி. ஜெர்வாசியோ அடித்தவைதான்.

“ஒரு நாள் வேலைன்னு சொன்னாரு,” என்றாள்.

“ஒரு நாள்தான். ஈஸ்டர் கழிஞ்ச சனிக்கிழமை பையனையும் கூட்டிட்டு வரேன்னாரு. நீ சரின்னா.”

கடைசி இலை பாக்கி இருந்தது. ஒடீலா ஊசியை எடுத்தாள். நுனியை டெல்மீரா இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“அந்த வட்ட மேசைய இங்க போட்டா,” என்றாள் ஒடீலா, “அடுப்போரம் யாரு உக்காருவாங்க அண்ணி?”